பி.எல்.ஆர். என்னும் மூன்றெழுத்து: ஒரு சுட்டு இடம்பெயர்ந்த வரலாறு

2008ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டியபோது பெங்களூருவில் ஒரு சொல் தன் பொருளை மாற்றிக்கொண்டது. அது மூன்றெழுத்துச் சொல். விமானச் சீட்டுகளிலும் பயணப் பெட்டிகளில் ஒட்டப்படும் தாள்களிலும் அச்சாகும் பி.எல்.ஆர். என்ற குறியீடு. அந்த இரவு வரை அது நகரின் கிழக்கே, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தை ஒட்டியிருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தைச் சுட்டியது. மே 24 முதல், வடக்கே தேவனஹள்ளி அருகே திறக்கப்பட்ட புதிய நிலையத்தைச் சுட்டத் தொடங்கியது. பழைய ஓடுபாதை இருந்த இடத்திலேயே இருந்தது. புதிய ஓடுபாதை அன்றிரவு முளைத்ததும் அன்று. இரண்டும் முன்னரே இருந்தன. மாறியது அவற்றுக்கும் மூன்றெழுத்துக்கும் இடையிலிருந்த தொடர்பு மட்டுமே.

இதே நகரில் அன்றாடம் பல்லாயிரம் பேர் கணினித் திரையில் இதே செயலைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு மாறிக்குப் புதிய பொருளை அளிப்பது என்பது இதுதான். நிரலாக்கம் கற்கவரும் மாணவர் முதலில் இடறிவிழும் இடமும், நேர்காணல்களில் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வியும் இதுதான். 'அ' என்ற மாறியும் 'ஆ' என்ற மாறியும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. 'அ'வுக்கு வேறொரு பொருளை அளித்தால் 'ஆ' என்னவாகும்? ஒன்றும் ஆகாது. அது பழைய பொருளையே சுட்டிக்கொண்டிருக்கும். விடை எளிது, ஆனால் அது எளிதாகத் தோன்றுவதற்கு நிரலாக்க மொழிகளின் வரலாற்றில் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. பெங்களூருவின் விமான நிலையக் கதை அந்த விடையைக் கண்முன் நிறுத்துகிறது.

எச்.ஏ.எல். நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையை மக்கள் ஏர்போர்ட் ரோடு என்று அழைத்தனர். அந்தப் பெயர் பிறந்தபோது 'ஏர்போர்ட்' எதைக் குறித்ததோ, அதை நேராகப் பற்றிக்கொண்டது. 2008இல் மூன்றெழுத்துக் குறியீடு தேவனஹள்ளிக்குத் திரும்பியபோது சாலை அதன்பின் ஓடவில்லை. ஓட முடியாது; அது குறியீட்டிடம் கேட்டுத் தன் பொருளைப் பெறவில்லை. பேச்சு வழக்கு அதற்கு ஓர் அடைமொழியைச் சேர்த்தது: ஓல்ட் ஏர்போர்ட் ரோடு. நிரலாளர் மொழியில் சொன்னால், மறு அளிப்புக்கு முன்பே எடுக்கப்பட்ட சுட்டின் நகல் அது.

விமானச் சீட்டின் கதை வேறு. 2008 ஏப்ரலில் சீட்டு வாங்கி ஜூனில் பயணம் செய்தவரின் தாளில் பி.எல்.ஆர். என்றுதான் இருந்தது. சீட்டு வாங்கிய நாளில் அது எச்.ஏ.எல். நிலையம், பயணம் செய்த நாளில் தேவனஹள்ளி. சீட்டு பொருளைப் பற்றவில்லை, பெயரைப் பற்றியிருந்தது. பயண நாளன்று அந்தப் பெயர் எதைச் சுட்டியதோ அதுவே சீட்டின் பொருளாயிற்று. பெயரை வைத்திருப்பதும் பெயர் சுட்டுவதை வைத்திருப்பதும் ஒன்றல்ல. புதிதாகக் கற்பவரின் குழப்பத்தில் பெரும்பங்கு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வருவது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. சொல்லால் அதன் புறத்தே உள்ள பொருளை அறிவதும், சொல்லால் அச்சொல்லையே அறிவதும் என இரண்டு நிகழ்வுகளைத் தொல்காப்பியம் பெயரியலில் பிரித்துக் காட்டுகிறது. ஒன்றைப் பொருண்மை என்கிறது, மற்றதைச் சொன்மை என்கிறது. 'ஆப்ஜெக்ட்' என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கியோர் 'பொருள்' என்ற சொல்லைத் தேர்ந்தது ஒருவகையில் தொல்லையே: புறத்தே உள்ள பொருளும் சொல்லின் அர்த்தமும் தமிழில் ஒரே சொல்தான். ஆனால் அந்தத் தொல்லையிலும் ஒரு பொருத்தம் உண்டு.

கணினி மொழிகளில் இந்தச் சிக்கல் தொடக்கத்தில் இருந்ததில்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் மாறி என்பது ஒரு பெட்டி. பெட்டியில் ஓர் எண். 'அ = ஆ' என்று எழுதினால் 'ஆ' பெட்டியிலுள்ள எண் 'அ' பெட்டியில் படியெடுக்கப்படும். பிறகு இரண்டுக்கும் உறவில்லை. துணைநிரலுக்கு மட்டும் பெட்டியின் முகவரி அனுப்பப்பட்டது; அதனால் ஒரு விந்தையான பிழை நேர்ந்தது. துணைநிரலுக்கு 4 என்ற எண்ணையே அனுப்பி, உள்ளே அதற்கு 5 என்று மதிப்பளித்தால், சில பழைய தொகுப்பிகளில் அதன்பின் நிரல் முழுவதும் 4 என்று எழுதிய இடமெல்லாம் 5 ஆகிவிடும். மாறாத எண்ணுக்கும் முகவரி இருந்ததன் விளைவு.

1965இல் டோனி ஹோர், ஆல்கால் டபிள்யூ என்ற மொழியின் வடிவமைப்பில், பல உறுப்புகள் கொண்ட பதிவுகளையும் அவற்றைச் சுட்டும் மாறிகளையும் சேர்த்தார். அந்தச் சுட்டு எதையும் சுட்டாதிருக்கும் நிலைக்கு 'நல்' என்ற மதிப்பையும் வைத்தார். சேர்ப்பதற்கு மிக எளிதாயிருந்ததால் சேர்த்ததாகப் பின்னாளில் கூறினார். 2009இல் லண்டன் மாநாடொன்றில் அதைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்று வருணித்து வருத்தம் தெரிவித்தார். இந்தத் தவறின் பேரப்பிள்ளை ஜாவாவில் இன்றும் வாழ்கிறது. தன்னிடம் சுட்டிகளே இல்லை என்று விளம்பரம் செய்துகொண்ட அம்மொழியில் நிரலாளர் அடிக்கடி காணும் பிழைச்செய்தியின் பெயர் 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்'. பாயின்டர் என்றால் சுட்டி.

ஹோரின் பதிவுகள் பற்றிய கருத்து ஆஸ்லோவில் இருந்த இருவரை எட்டியது. ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நிகோர் ஆகிய இருவரும் நார்வே கணினி மையத்தில் உருவாக்கிய சிமுலா 67தான் வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகியவற்றை நிரலாக்கத்துக்குத் தந்தது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வரலாறு இம்மொழியில் தொடங்குகிறது என்பதை அனைவரும் சொல்வர். அவர்கள் செய்த இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. அவர்கள் அளிப்புக்கு ஒரு குறி போதாது என்று கண்டு இரண்டு குறிகளை வைத்தனர்.

எண் போன்ற மதிப்பை மாறியில் வைப்பதற்கு முக்காற்புள்ளியை அடுத்துச் சமக்குறி. அதை 'ஆகிறது' என்று படிக்க வேண்டும். ஒரு பொருளை மாறி சுட்டும்படி செய்வதற்கு முக்காற்புள்ளியை அடுத்துச் சிறுகோடு. அதை 'சுட்டுகிறது' என்று படிக்க வேண்டும். ஒப்பிடுவதற்கும் அவ்வாறே: இரு மதிப்புகள் சமமா என்று கேட்க ஒற்றைச் சமக்குறி, இரு மாறிகள் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றனவா என்று கேட்க இரட்டைச் சமக்குறி. 'எண் ஆகிறது 5', 'நிலையம் சுட்டுகிறது தேவனஹள்ளி' என்று உரக்கப் படித்தால் ஐயமே எழாது. பழைய நிலையம் தேவனஹள்ளி 'ஆகவில்லை'. 'நிலையம்' என்ற மாறி தேவனஹள்ளியைச் 'சுட்டுகிறது'. இரண்டு வினைச்சொற்கள் செய்த வேலையைப் பின்வந்த மொழிகள் ஒரே குறியிடம் ஒப்படைத்தன. எழுதுவோருக்கு ஒரு விசையழுத்தம் மிச்சமாயிற்று. கற்போருக்கு ஒரு வேறுபாடு தொலைந்தது. இது நல்ல பேரம் என்று சொல்வதற்கில்லை.

சிமுலாவில் பழகிய பியர்ன ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய பணி சி++ ஆயிற்று. ஆல்கால் 68இல் ஒரே அளிப்புக்குறி சில வேளை சுட்டப்பட்ட பொருளை மாற்றும், சில வேளை சுட்டையே திருப்பிவிடும் என்பதில் அவர் அடிபட்டவர். ஆகவே சி++ மொழியின் 'ரெஃபரன்ஸ்' ஒருமுறை ஒரு பொருளோடு கட்டப்பட்டால் இறுதிவரை அதோடுதான். அதற்கு எதை அளித்தாலும் மாறுவது பொருள், கட்டு மாறாது. திருப்ப வேண்டுமெனில் சுட்டியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 1995இல் சன் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஜாவா நேரெதிர்த் திசையில் சென்றது. அங்கே 'ரெஃபரன்ஸ்' விருப்பம்போல் திரும்பும். ஒரே சொல் இரு மொழிகளில் ஏறக்குறைய எதிரெதிரான இரு நடத்தைகளைக் குறிக்கிறது. சி++ கற்ற பின் ஜாவாவுக்கு வந்த ஒரு தலைமுறை பட்ட துன்பத்தில் பாதி இந்தச் சொல்லால் வந்தது.

அந்தத் தலைமுறை பெரும்பாலும் பெங்களூருவில்தான் திரண்டது. 1983இல் இன்ஃபோசிஸ் புணேயிலிருந்து இங்கே வந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செயற்கைக்கோள் இணைப்போடு தன் வடிவமைப்பு மையத்தை இங்கே அமைத்தது. தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கியவர்கள் நேர்காணலில் சந்தித்த கேள்விகளுள் ஒன்று இன்றும் மாறவில்லை: இரு பொருள்களை இடம்மாற்றும் ஒரு செயற்கூறை ஜாவாவில் எழுதினால் வேலை செய்யுமா?

செய்யாது. ஒருவர் தம் தாளில் 'எச்.ஏ.எல். நிலையத்தின் வாயில்' என்று வழி எழுதி வைத்திருக்கிறார். ஓட்டுநர் அதைப் பார்த்துத் தம் தாளில் படியெடுத்துக்கொள்கிறார். பிறகு ஓட்டுநர் தம் தாளில் உள்ளதை அடித்துவிட்டு 'தேவனஹள்ளி' என்று எழுதினால் முதல் தாளில் ஓர் எழுத்தும் மாறாது. ஆனால் அதே ஓட்டுநர், தாளில் உள்ள வழியே சென்று நிலையத்தின் வாயிற்கதவுக்கு நீல வண்ணம் பூசினால், முதல் தாளைக் கொண்டு பின்னர் செல்பவரும் நீலக்கதவையே காண்பார். ஜாவா செயற்கூறுகளுக்கு அனுப்புவது தாளின் நகலை. பொருளையும் அன்று, முதல் தாளையும் அன்று. மதிப்பால் அனுப்புகிறதா, சுட்டால் அனுப்புகிறதா என்ற பூசல் முப்பது ஆண்டுகளாக ஓயாததற்குக் காரணம், இந்த மூன்றாம் வழிக்கு உரிய பெயரைப் பலரும் மறந்ததுதான். மசாசூசெட்ஸில் பார்பரா லிஸ்கோவும் அவர்தம் குழுவினரும் 1970களில் சி.எல்.யு. மொழியை வடிவமைத்தபோதே அதற்குப் 'பகிர்வால் அழைத்தல்' என்று பெயரிட்டுவிட்டனர். பொருள் பகிரப்படுகிறது, சுட்டு பகிரப்படுவதில்லை. இதைவிடத் துல்லியமான பெயர் பின்னர் வரவில்லை, ஆயினும் பாடநூல்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நீலக்கதவு நிகழ்வும் பெங்களூருவில் உண்டு. 2013இல் தேவனஹள்ளி நிலையத்துக்குக் கெம்பேகௌடா பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. 2019இல் இரண்டாம் ஓடுபாதை, 2022 நவம்பரில் இரண்டாம் முனையம். இம்முறை பி.எல்.ஆர். எங்கும் திரும்பவில்லை, அது சுட்டிய பொருளே மாறியது. அதனால் அப்பொருளைச் சுட்டிய ஒவ்வொரு பெயரும், மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ மக்கள் வாய்மொழியோ, மாறிய பொருளையே காட்டின. 2008இல் நிகழ்ந்தது மறு அளிப்பு, 2022இல் நிகழ்ந்தது பொருளின் மாற்றம். 2014 நவம்பர் 1ஆம் நாள் நகரின் ஆங்கிலப் பெயர் பெங்களூரு எனத் திருத்தப்பட்டது இவ்விரண்டும் அன்று. அது ஒரே பொருளுக்கு இன்னொரு பெயர். அல்சூர் என்றாலும் ஹலசூரு என்றாலும் ஏரி ஒன்றே. ரயில் நிலையத்துக்குச் சங்கொள்ளி ராயண்ணா பெயர் சூட்டிய பின்னும் பயணச்சீட்டில் எஸ்.பி.சி. என்ற பழைய குறியீடே நீடிப்பதும், சென்னை சென்ட்ரல் இன்றும் எம்.ஏ.எஸ். ஆக இருப்பதும் இவ்வகையே.

நான்கெழுத்து என்பதைப் பற்றி ஒரு சொல். பயணிகள் காணும் மூன்றெழுத்துக் குறியீட்டை வழங்குவது ஐயாட்டா என்னும் விமான நிறுவனங்களின் சங்கம். விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு ஐ.சி.ஏ.ஓ. என்ற ஐ.நா. அமைப்புக்குரியது. எச்.ஏ.எல். நிலையத்தின் நான்கெழுத்து வி.ஓ.பி.ஜி.; புதிய நிலையத்துக்கு வி.ஓ.பி.எல். என்று தனிக் குறியீடு கிடைத்தது. 2008இல் மூன்றெழுத்து கைவிட்டபோதும் நான்கெழுத்து பழைய நிலையத்தைக் கைவிடவில்லை.

இதன் அருமை நினைவக மேலாண்மை அறிந்தவருக்குத் தெரியும். ஒரு பொருளைச் சுட்டும் கடைசி மாறியும் வேறிடம் திரும்பிவிட்டால் அப்பொருளை எந்த நிரல்வரியாலும் எட்ட முடியாது. ஜான் மெக்கார்த்தி 1960இல் லிஸ்ப் மொழியை விளக்கிய கட்டுரையில் அத்தகைய பொருள்களின் இடத்தைத் தானாக மீட்கும் முறையைக் கூறினார். அதுவே இன்று ஜாவாவிலும் பைதானிலும் இயங்கும் குப்பைசேகரிப்பின் மூலம். ஒரு சுட்டேனும் எஞ்சியிருக்கும் பொருளை அது தொடாது. எச்.ஏ.எல். நிலையம் வணிக விமானங்களுக்கு மட்டுமே மூடப்பட்டது. போர் விமானச் சோதனைகளும் பாதுகாப்புத் துறைப் பயணங்களும் முக்கியப் பிரமுகர்களின் வருகைகளும் அங்கே தொடர்கின்றன. அதை மூடக்கூடாது என்று 2008இல் நகரத்தார் பலர் எதிர்த்தனர். புதிய நிலையத்துக்காகச் செய்த உடன்படிக்கையின்படி 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் இயங்கக்கூடாது என்ற விதி அவர்களுக்குக் குறுக்கே நின்றது. மீண்டும் திறக்கலாமே என்ற கோரிக்கை இன்றும் அவ்வப்போது எழுகிறது. எழ முடிகிறது, ஏனெனில் பொருள் இன்னும் இருக்கிறது.

இதற்கு மறுதலையான நிலைதான் துயரமானது: சுட்டு இருக்கிறது, பொருள் இல்லை. சி மொழியில் நினைவகத்தை விடுவித்த பின்னும் அதன் முகவரியைச் சுட்டி வைத்திருக்க முடியும்; அவ்வழியே சென்றால் அங்கே வேறெவரோ குடியிருப்பர். பெங்களூருவில் பேருந்து நடத்துநர்கள் நாள் முழுதும் கூவும் 'மெஜஸ்டிக்' அத்தகைய சுட்டு. அது ஒரு திரையரங்கின் பெயர். திரையரங்கைச் சுற்றிய பகுதிக்கு அப்பெயர் ஆகிவந்தது. இடித்து அகற்றப்பட்டது அரங்கு மட்டுமே. நன்னூலார் வகுப்பின்படி காரணப்பெயராகப் பிறந்தது, காரணம் மறைந்ததும் இடுகுறிப்பெயராகிவிட்டது. அருகிலுள்ள கெம்பேகௌடா பேருந்து நிலையம் நிற்பதோ தர்மாம்புதி ஏரியின் படுகையில். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம். ஏரியின் பெயர் பக்கத்துக் குடியிருப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய மழை பெய்யும் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் பழைய முகவரிகளைத் தேடி வருகிறது. தண்ணீருக்கு மறு அளிப்பு பற்றி யாரும் அறிவிக்கவில்லை.

பெங்களூருவுக்கு இரு மாதம் முன்னதாக, 2008 மார்ச்சில், ஹைதராபாத்திலும் இதே மாற்றம் நடந்தது. பேகம்பேட்டைச் சுட்டிய எச்.ஒய்.டி. ஷம்ஷாபாத்துக்குத் திரும்பியது, பேகம்பேட்டுக்குப் பி.பி.எம். என்ற புதிய மூன்றெழுத்து தரப்பட்டது. பழைய பொருளை ஒரு தற்காலிக மாறியில் எடுத்து வைத்துவிட்டு முதல் மாறியைத் திருப்புவது போல. கோவா வேறு வழியில் சென்றது: 2023 ஜனவரியில் மோபாவில் விமானங்கள் இறங்கத் தொடங்கியபோது தபோலிம் தன் ஜி.ஓ.ஐ.யை விட்டுக்கொடுக்கவில்லை; புதிய நிலையம் ஜி.ஓ.எக்ஸ். என்ற புதிய பெயரோடு வந்தது. மறு அளிப்பு இல்லை, புதிய மாறி.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக 2022இல் அறிவிப்பு வந்தது. மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்பதே திட்டம், அவ்வாறாயின் எம்.ஏ.ஏ. இருந்த இடத்தில் இருக்கும், பரந்தூருக்கு வேறு மூன்றெழுத்து வேண்டும். ஆனால் அங்கே பூசல் எழுத்தைப் பற்றியதன்று. நிலம் கையகப்படுத்தும் பகுதிக்குள் வரும் ஏகனாபுரம் மக்கள் அவ்வாண்டு முதலே தங்கள் வயலும் ஏரியும் வீடும் போகக்கூடாது என்று போராடிவருகின்றனர். ஊரை வேறிடத்தில் அமைத்து அதே பெயரைச் சூட்டலாம் என்று எவரேனும் அவர்களிடம் சொன்னால், சிமுலாவின் இரு குறிகளில் எதை அவர் பயன்படுத்துகிறார் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும்.